சேதுபதி சாருக்கு வயது என்ன

இருபத்திரண்டு நோட்டுப் புத்தகங்களில் இருபத்திரண்டு யானைகள் இருந்தன.

‘கஜா பேராங் என்று நம் பேட்டைக்குப் பெயர் வந்தது எப்படி’ என்று ஆறாம் வகுப்புக்குக் கட்டுரை கொடுத்தது தலைமை ஆசிரியர் சேதுபதிதான். மலாயில் அதற்கு வெறிபிடித்த யானை என்று அர்த்தம். பிள்ளைகள் நாலு பேரைக் கேட்டு நாலு விதமாக எழுதிவரும், திருத்துகிற நேரத்துக்கு ஒரு சுவை இருக்கும் என்று ஆசைப்பட்டார். வந்த யானைகளோ நோட்டுக்கு நோட்டு அரை அடி வளர்ந்துகொண்டே போயின. ஒன்று டச்சுக்காரன் கோட்டைக் கதவை முட்டிச் சாய்த்தது. இன்னொன்று பாதிரியார் ஒருவரை மலாக்கா ஆறுவரை துரத்தியது. மருதமுத்து என்ற பையனின் யானை, சைக்கிளில் வந்த ஜப்பான் சிப்பாயைச் சைக்கிளோடு தூக்கித் தண்ணீரில் போட்டது.

“ஜப்பான்காரன் வந்து பதினஞ்சு வருஷம்தான்டா ஆச்சு. அதுக்கு முன்னாடி இந்த இடத்துக்குப் பேரே இல்லையா?” என்று கேட்டார் சேதுபதி.

மருதமுத்து யோசித்தான். “யானை முன்னாடியே இருந்துச்சு சார். கோவம் அப்பத்தான் வந்துச்சு.”

யார் சொன்னது என்று விசாரித்ததில் வகுப்பே சேர்ந்து சன்னலுக்கு வெளியே கையைக் காட்டியது. எதிர்ச்சாரியில் முடிதிருத்தும் தேவதாஸ் கடை. தேவதாஸ் சிரம்பானிலிருந்து வந்தவர், அதுவும் ஜப்பான் சண்டை முடிந்த பிறகு. யானையைக் காலண்டர் படத்தில் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் தலை அவர் கையில் சிக்கியிருக்கும்போது கழுத்தருகே கத்தி இருப்பதால், அவர் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டாமலே சம்மதித்துவிடுகிறார்கள். இப்படித்தான் அவர் வட்டாரத்தின் வரலாற்று ஆசிரியர் ஆனார்.

சேதுபதிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மலாயா நாடு இன்னும் இரண்டு மாதத்தில் சுதந்திரம் வாங்கப்போகிறது. அதன் குடிமக்களோ சவரக் கடையில் கேட்டதை இங்க் தொட்டு எழுதுகிறார்கள். கட்டுரைகளை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டுவிட்டு, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை அன்றைக்கே ஆரம்பித்தார். எதைத் தெரிந்துகொள்ள யாரிடம் போவது, போனபிறகு அவர் சொல்வதை எவ்வளவு நம்புவது என்பதுதான் பாடம்.

“மீன் நாறுதான்னு மீன்காரனைக் கேக்காதே. எப்படிச் சொல்வான்? ஆனா நாளைக்குக் காத்தடிக்குமான்னு கேக்கணும்னா அவனைத்தான் கேக்கணும். கடலுக்குப் போறவன் அவன். ஆள் ஒண்ணுதான், கேள்விதான் வேற” என்றார்.

கரும்பலகையில் மூன்று கேள்விகளை எழுதினார். பார்த்தவரா, கேட்டவரா? அப்போதே எழுதியதா, அப்புறம் எழுதியதா? இப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்? மூன்றாவது கேள்வியின் கீழே இரண்டு கோடு போட்டார். யார் வந்து என்ன சொன்னாலும், அது அப்பாவாக இருந்தாலும் சரி, சாமியாராக இருந்தாலும் சரி, இந்த மூன்றையும் கேட்காமல் நோட்டில் ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டார்.

பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப்பார்த்தார் உதவி ஆசிரியர் பொன்னுதுரை. அவருக்கு நாற்பது வயது. தலைமை ஆசிரியர் நாற்காலியைக் கடந்து போகும்போதெல்லாம் அதன் கைப்பிடியைத் தடவிவிட்டுப் போகிற பழக்கம் உண்டு. “இவ்வளவு கஷ்டம் எதுக்கு சார்? பேப்பரைப் படிக்கச் சொல்லலாமே. அச்சுல வந்தா சரியாத்தானே இருக்கும்” என்றார்.

“நேத்து பேப்பர்ல ஒரு தைலம் போட்டிருந்தான், தடவினா வழுக்கையில முடி முளைக்கும்னு. நீங்களும் மூணு மாசமா தடவிக்கிட்டுத்தானே இருக்கீங்க?” என்றார் சேதுபதி.

வகுப்பு சிரித்தது. பொன்னுதுரை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பாடம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வீட்டில் போய் மூன்று கேள்வியையும் பயன்படுத்தியதில் இரண்டு பேர் அடி வாங்கினார்கள். விமானத் திடல் இருக்கும் பத்து பெரெண்டாமிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் தான் விமானத்தைப் பிடித்துத் தள்ளிக் கிளப்பியதாகச் சொல்லப்போய், பார்த்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாராம். சேதுபதி உள்ளுக்குள் பூரித்துப்போனார். அந்தச் சூட்டோடு ஒரு வேலையும் கொடுத்தார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, கஜா பேராங்கில் பழையது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எப்போது பிறந்தது என்று ஆதாரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை பள்ளியில் கண்காட்சி. ஆய்வாளர் வருகிறார். அந்த வாரம் சனிக்கிழமைதான் சுதந்திரம்.

இங்கே சேதுபதியின் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ஓடாது.

ஜூன் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் பிறந்த தேதியைத் தெரிவிக்க வேண்டும். ஐம்பத்தைந்து முடிந்தவர்கள் ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகவேண்டும். சேதுபதி 1.1.1905 என்று எழுதி அனுப்பினார். அந்தக் கணக்குப்படி ஐம்பத்திரண்டு. இன்னும் இரண்டரை வருஷம் அந்த நாற்காலி அவருடையது. மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருப்பது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு சாய்வு நாற்காலியும்தான். அந்தச் சாய்வு நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கொடி. குருபோங்கில் ஒரு தச்சரிடம் சொல்லி இருபதடியில் கொடிக்கம்பம் செய்து, பள்ளி முற்றத்தில் நட்டிருந்தார். சனிக்கிழமை காலையில் புதுக் கொடியை ஏற்றப்போவது அவர் கை. கயிறு சிக்கக்கூடாது என்று பிள்ளைகள் போனபிறகு ஒரு பழைய வேட்டியைக் கட்டி ஏற்றி இறக்கிப் பழகினார். வேட்டி பறந்ததைப் பார்த்த தேவதாஸ், தலைமை ஆசிரியர் தனியாக ஒரு கட்சி ஆரம்பித்திருப்பதாகக் கடையில் சொல்லிவைத்தார்.

1905 பொய் என்பது சேதுபதிக்குத் தெரியுமா என்றால், தெரியும். அப்பா அவரைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனபோது அவருக்கு ஒன்பது வயது. மாட்டுவண்டி ஓட்டுகிற அப்பா, பையன் வைக்கோல் அள்ளிப்போட உதவுகிறான் என்று மூன்று வருஷம் தாமதித்துவிட்டார். முதல் வகுப்புக்கு ஆறு வயது என்றார் வாத்தியார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சோதனை உண்டு: கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட்டால் ஆறு ஆகிவிட்டது என்று அர்த்தம். சேதுபதியின் கை காதைத் தாண்டித் தாடைவரை வந்தது. “கை கொஞ்சம் நீளமுங்க. வயசு ஆறுதான்” என்று அப்பா அடித்துச் சொன்னார். வாத்தியார் வருஷத்தைக் கழித்து, தேதிக்கு ஜனவரி ஒன்றைப் போட்டுக்கொண்டார். பிறகு பயிற்சிச் சான்றிதழ், வேலை, கல்யாணம் என்று எல்லாம் அந்தத் தேதியின் மேலேயே கட்டி எழும்பின. நாற்பத்தாறு வருஷம் யாரும் கேட்காத ஒன்று, கிட்டத்தட்ட உண்மையாகவே ஆகியிருந்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால், திங்கட்கிழமை, பிள்ளைகள் கட்டுரையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். ஒரு கிணறு, ஒரு ரம்புத்தான் மரம், ஒரு மரப்பாலம், கோயில் மணி ஒன்று. எல்லாம் ஒழுங்காக இருந்தன. யானை ஒன்றுகூட இல்லை. கடைசியாக வந்தது கோகிலாவும் மருதமுத்துவும் எழுதியது. கோகிலா, டோபி அப்பாசாமியின் மகள். சலவை மூட்டையோடு எல்லா வீட்டுப் பின்வாசலுக்கும் போய்வருகிறவள் என்பதால் தமிழைவிட வேகமாக மலாய் பேசுவாள். வகுப்பில் தினமும் பெயர் கூப்பிடுவதும் அவள்தான். கட்டுரையின் தலைப்பு: ‘சேதுபதி சாருக்கு வயது என்ன’.

“இது என்னடி?”

“பழசு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீங்க சார்” என்றாள் கோகிலா.

சேதுபதி வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

‘முதல் ஆதாரம் முடிதிருத்தும் தேவதாஸ். சாருக்கு எழுபத்திரண்டு வயது என்றும், அந்த யானையை சார் நேரில் பார்த்திருக்கிறார் என்றும் சொன்னார். இவர் பார்த்தவர் இல்லை. தள்ளுபடி.’

‘இரண்டாவது பொன்னுதுரை சார். அறுபதுக்குக் குறையாது என்றார். லாபம்: நாற்காலி. தள்ளுபடி.’

சேதுபதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துத்தான். இந்தப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு போடவேண்டும் என்று சிவப்புப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பக்கத்தைப் புரட்டினார்.

‘மூன்றாவது, சாரின் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சான்றிதழ். அதில் 1.1.1905. இது எழுத்தில் இருப்பதால் நம்பலாம் என்று முதலில் நினைத்தோம். பிறகு எங்கள் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்தோம். இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்ததாக அதில் இருக்கிறது. மருதமுத்துவும் எங்கள் வகுப்பிலேயே படிக்கும் அவன் தம்பியும் ஐந்து மாத இடைவெளியில் பிறந்திருக்கிறார்கள். எல்லாம் சாரின் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் சேரும்போது தேதி தெரியாவிட்டால் வாத்தியார்கள் ஜனவரி ஒன்று போடுவார்கள் என்று தெரிகிறது. சாரையும் ஒரு வாத்தியார்தான் சேர்த்திருப்பார். ஆகவே பிறந்த தேதிக்குப் பள்ளிக்கூடத்து எழுத்து ஏற்ற ஆதாரம் இல்லை.’

சேதுபதி காலை மடக்கி நேராக உட்கார்ந்தார்.

‘நான்காவது, சிட்டி கம்பத்துக் குடியிருப்பில் இருக்கும் அன்னம் அம்மாள்’ என்று தொடங்கியது அடுத்த பக்கம். அதை நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கட்டுரையின் முடிவில் ஒரு வரி: ‘சேதுபதி சார் 1902ஆம் வருஷம் மார்ச் 13ஆம் தேதி பிறந்தவர். வயது 55.’ அதற்கும் கீழே, ஐந்தாவது ஆதாரம் என்று ஒரு கட்டம் போட்டு வெறுமையாக விட்டிருந்தார்கள்.

முதலில் தோன்றியது பொன்னுதுரைதான். யாருக்கு லாபம்? அவனுக்குத்தானே. பிள்ளைகளை ஏவிவிட்டிருக்கிறான். அப்படியானால் அறுபது என்று அவன் சொன்னதையே எதற்காகத் தள்ளுபடி செய்தார்கள் என்று அவருக்குள்ளேயே இருந்த வாத்தியார் கேட்டார். மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“இந்த அன்னம், 1902ல பொறந்தே இருக்கலியே. அவங்க எப்படிப் பார்த்தவங்க ஆவாங்க?”

“அவங்க பார்க்கல சார். அவங்க அண்ணனோட சூராட் பெரானாக் இருக்கு. பொறந்த வாரமே எழுதினது. அவங்க அப்பா கவர்மெண்ட் பியூன், அதனால பதிஞ்சு வச்சிருக்கார்” என்றான் மருதமுத்து.

“அது அண்ணனுக்குப் பிறப்புச் சான்றிதழ். எனக்கா?”

“உங்களுக்கு இல்ல சார். ஆனா அந்தப் பதினொண்ணாவது நாள்தான் நீங்க” என்றாள் கோகிலா.

“அவங்களுக்குத் தமிழே வராது. என்ன சொன்னாங்களோ, நீ என்ன விளங்கிக்கிட்டியோ” என்றார் சேதுபதி.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வீட்டுப் பாலைக் குடித்து வளர்ந்த வாய் அது. கோகிலா அவர் மேசைமேல் இருந்த நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அந்த நேரம் அவருக்கு அவள்மேல் வந்தது கோபம் இல்லை, பயம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அன்னம் வீட்டுக்குப் போனார். பள்ளிக்கும் அதற்கும் ஐந்து நிமிஷ நடை. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே தமிழகத்திலிருந்து இங்கே வந்து தங்கியவர்கள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அன்னத்துக்கு ஐம்பது வயது. கெபாயாச் சட்டையும் கைலியுமாக வாசலில், பலகாரத்துக்கு வாசனை சேர்க்கும் பாண்டான் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அபாங், மாசோக். சூடா மாக்கான்?” என்று கேட்டார். அண்ணா, உள்ளே வா, சாப்பிட்டாயா என்று. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

சேதுபதி சுற்றி வளைக்கவில்லை. பிள்ளைகளிடம் என்ன சொன்னாய் என்று மலாயிலேயே கேட்டார். அன்னம் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் நாலாய் மடித்த காகிதம். பெயர் ஏகாம்பரம், ஆண், 1902 மார்ச் 3. பழுப்பேறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை.

அன்னம் மலாயில் சொன்ன கதையைத் தமிழில் சொன்னால் இதுதான். ஏகாம்பரத்துக்குப் பதினோராம் நாள் பேர் வைக்க எல்லாம் தயாராக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சேதுபதியின் அம்மா வலியில் அலறினாள். பேர் வைக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் வேலியைப் பிரித்துக்கொண்டு அங்கே ஓடிவிட்டார்கள். அன்றைக்குப் பேர் வைக்கவே இல்லை. சேதுபதியின் அம்மாவுக்குக் காய்ச்சல், பால் இல்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரே மடியில் வளர்ந்தார்கள். ஏகாம்பரம் நாலு வயதில் போய்விட்டான்.

சேதுபதிக்கு இது முன்பே தெரிந்த கதைதான். தெரிந்தும் ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை.

“பர்ச்சு ஞாபகம் இருக்கா அபாங்?” என்றார் அன்னம்.

எப்படி இல்லாமல் போகும். சிட்டிகள் வருஷம் தவறாமல் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற நாள் பர்ச்சு. பொங்கலுக்கு முன்னால் சோறும் கறியும், பழக்காலத்தில் பழங்களும். அந்த வீட்டிலிருந்து சேதுபதிக்கு ஒரு தட்டு வந்துவிடும். போன மாதம்கூட மங்குஸ்தீனும் டுரியானும் வந்தன. ஒரே ஆளாகத் தின்றுவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

“அம்மாவுக்கு ஒரு பிடிவாதம். செத்துப்போன பிள்ளையும் வருஷா வருஷம் வளருதுன்னு சொல்வாங்க. ஏகாம்பரத்துக்கு முதல்ல பாலும் பலகாரமும் வச்சாங்க. இருபது வயசு ஆனதும் கோப்பியும் சிகரெட்டும் வச்சாங்க. உனக்குக் கல்யாணம் ஆன வருஷம் அவனுக்கும் ஒரு புதுச் சட்டை வச்சாங்க. அம்மா போனபிறகு நான் வைக்கிறேன். இந்த வருஷம் அவனுக்கு ஐம்பத்தைந்து. அதனால டொடோல் வைக்கலை, பல்லுல ஒட்டும். உனக்குக் கொடுத்த தட்டுலயும் வைக்கலையே, கவனிச்சியா?”

சேதுபதி கவனித்திருந்தார். இனிப்பு வரவில்லையே என்று மனத்துக்குள் குறைகூடப்பட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தாயும் மகளும் ஒரு சின்னப் பையனை நாள் தவறாமல் வளர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். உயிரோடு இருக்கிற அவரோ மூன்று வருஷத்தைக் கழித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஏகாம்பரத்தை நினைத்து அழுகை வந்தது. ஐம்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

“நான் சொன்னது தப்பா போச்சா, அபாங்? அந்தப் பெண் நல்லா கேட்டா. நான் சொல்றதால எனக்கு என்ன கிடைக்கும்னுகூட கேட்டா. ஒண்ணும் கிடைக்காதுன்னேன். சரி, அப்போ எழுதிக்கிறேன்னு எழுதிக்கிட்டா” என்றார் அன்னம்.

“தப்பில்ல. பாடம் அப்படி” என்றார் சேதுபதி.

புதன்கிழமை கண்காட்சி. அந்தக் கட்டுரையை மட்டும் மாட்டாமல் விட அவருக்கு அதிகாரம் இருந்தது. ஒரு அலமாரி, ஒரு பூட்டு போதும். மாட்டச் சொன்னார். வெறும் கட்டம் பொய் ஆகாது, அது காலியாகவே இருக்கட்டும், இதைப் போய் யார் படிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆய்வாளர் என்றால் பொன்னாடையைப் போட்டுக்கொண்டு, கோப்பியைக் குடித்துவிட்டுப் போகிறவர் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

வந்தவர் படிக்கிற ஆய்வாளராக இருந்து தொலைத்தார். மெலிந்த உருவம், தடித்த கண்ணாடி. கிணற்றைப் படித்தார், பாலத்தைப் படித்தார், ரம்புத்தான் மரத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். சேதுபதி சாரின் வயது முன்னால் வந்து நின்றவர் நகரவில்லை. தேவதாஸ் இடத்தில் அடக்கிய சிரிப்பில் உதடு துடித்தது. நாற்காலி இடத்தில் பொன்னுதுரையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பொன்னுதுரை கூரையைப் பார்த்தார். அன்னம் அம்மாளின் பக்கத்தை இரண்டு தடவை படித்தார்.

“இந்தக் கட்டம் ஏன் காலியா கிடக்கு?” என்று கேட்டார்.

“அது கடைசி ஆதாரம் சார். அன்னைக்கு அந்த இடத்துல இருந்தவங்கள்ல இப்போ உயிரோட இருக்கிறது ஒருத்தர்தான். எங்க சார். அவரை இன்னும் நாங்க கேக்கல” என்றாள் கோகிலா.

“பிறந்த குழந்தைக்கு என்னம்மா தெரியும்?”

“அன்னைக்கு நடந்தது தெரியாது சார். ஆனா பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்போ எத்தனை வயசுன்னு தெரியும்ல” என்றாள். பிறகு சேதுபதியைப் பார்த்துத் திரும்பினாள். “இப்போ கேக்கலாமா சார்?”

அறையில் இருந்த எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சன்னல் வழியாகக் கொடிக்கம்பம் தெரிந்தது. கயிறு புதுசு, நேற்றுத்தான் மெழுகு தேய்த்து வைத்தார். 1905 என்று நாலு இலக்கம் எழுதினால் போதும். சான்றிதழ் அவர் பக்கம், பதிவேடு அவர் பக்கம், மேலிடத்துக்குப் போன கடிதம் அவர் பக்கம். எதிர்ப்பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்னும், டொடோல் இல்லாத ஒரு தட்டும்தான்.

சேதுபதி சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கட்டத்துக்குள் எழுதினார்: ‘பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆறு என்று எழுதினார்கள். மற்றபடி அன்னம் அம்மாள் சொன்னது சரி.’ கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப்போனவர், மேலே இருந்த ‘வயது 55’ என்ற வரியைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“என்னடா கணக்கு இது, மருதமுத்து? வருஷத்தோட நிறுத்திட்டே. மாசம் எங்கே, நாள் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் சிவப்பில் எழுதினார்: ‘55 வருஷம், 5 மாதம், 15 நாள். அரை மதிப்பெண் குறைக்கப்பட்டது.’

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இதைப் பார்க்காத மாதிரி போக முடியாது, சேதுபதி” என்றார் மெதுவாக.

“பார்க்கத்தானே சார் மாட்டி வச்சிருக்கு.”

“சனிக்கிழமை கொடி…”

“பொன்னுதுரை ஏத்துவார்” என்றார் சேதுபதி. “ஆனா அவருக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது. பாதியில சிக்க வச்சுடுவார். இன்னைக்குச் சாயந்தரம் வேட்டியைக் கட்டிச் சொல்லித்தரேன்.”

பொன்னுதுரை வாழ்நாளில் முதல்முறையாக அந்த நாற்காலியின் பக்கம் பார்க்காமல் நின்றார்.

கோகிலா மட்டும் தன் வேலை முடியாததுபோல் சுவரருகே போனாள். ஐந்தாவது ஆதாரத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எக்கி நின்று, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள்.

‘லாபம்: ஒன்றும் இல்லை. நம்பலாம்.’